செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும்: ஜப்பானின் முதல் ஆலைகளில் அயலும் சொந்தமும்

தொமியோகா பட்டு நூற்பாலை ஜப்பானின் குன்மா மாகாணத்தில் 1872 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அதன் வரைபடத்தைப் போட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பட்டிழை எடுக்கும் இயந்திரங்களும் ஜன்னல்களின் இரும்புச் சட்டங்களும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தவை. சுவருக்கான செங்கலைச் சுட்டவர்களோ அதுவரை கூரை ஓடு மட்டுமே சுட்டுவந்த உள்ளூர்த் தொழிலாளர்கள். தூணும் உத்தரமும் அருகிலிருந்த மலைக்காட்டு மரங்கள். அவற்றை இழைத்துப் பொருத்தியவர்கள் ஜப்பானியத் தச்சர்கள். இந்தக் கட்டடம் எந்த நாட்டுக்குரியது என்று கேட்டால், கட்டடக்கலை வரலாறு பகுதி பகுதியாகப் பிரித்து விடை சொல்லிவிடும். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் மெய்யியல் கேள்வி ஒன்று கிடக்கிறது. ஒரு பொருளை ஒரு சமூகத்துக்குச் சொந்தமாக்குவது எது? அது பிறந்த இடமா, அது புழங்கிவந்த காலமா, அல்லது வேறு ஏதாவதா? மெய்ஜி கால ஜப்பானில் இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. ஆலை கட்டியவர்கள் ஒவ்வொரு சுவரிலும் அதற்கு ஒரு விடை சொல்ல வேண்டியிருந்தது.

பிரித்து வைத்த கொள்கை

இந்தக் கேள்விக்கு முதலில் ஒரு கோட்பாட்டை வகுத்துத் தந்தவர்களில் முக்கியமானவர் சகுமா ஷோசான் (1811–1864). மட்சுஷிரோ சிற்றரசைச் சேர்ந்த இவர் கன்பூசிய அறிஞர். டச்சு மொழி கற்று, அம்மொழி நூல்களின் துணையோடு பீரங்கி வார்க்கவும் கண்ணாடி செய்யவும் முயன்றவர். ஒழுக்கத்தைக் கிழக்கிடமிருந்தும் தொழில்நுட்பத்தை மேற்கிடமிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த நிலை. மெய்ஜி காலத்தில் இதே எண்ணம் 'ஜப்பானிய ஆன்மா, மேலைத் திறன்' என்ற பொருள்படும் முழக்கமாகப் பரவியது. அதற்கு முன்பே, சீனத்திடமிருந்து கற்றதைக் குறிக்க இதே அச்சில் ஒரு தொடர் ஜப்பானில் வழங்கி வந்தது. மேற்கு வந்தபோது சீனம் இருந்த இடத்தில் மேற்கை வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கொள்கைக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, தொழில்நுட்பத்துக்கென்று ஆன்மா கிடையாது. அதை எங்கும் எடுத்துச் சென்று நடலாம். மற்றொன்று, ஆன்மாவுக்குக் கருவி கிடையாது. புழங்கும் கருவிகள் மாறினாலும் அது மாறாமல் இருக்கும். சீனத்திலும் இதையொத்த வாதம் இருந்தது. அடிப்படையைச் சீனக் கல்வியிலும் பயன்பாட்டை மேலைக் கல்வியிலும் தேடலாம் என்று ஜாங் ஜிதோங் 1898இல் எழுதினார். ஒரு பொருளின் அடிப்படையையும் பயன்பாட்டையும் அப்படிப் பிரிக்க முடியுமா என்பதுதான் சிக்கல். பீரங்கியை விட, ஆயுதத்தை விட, அதைச் சோதிக்க ஏற்ற இடம் ஆலைக் கட்டடம். ஏனெனில் அதற்குள் மனிதர்கள் நாள் முழுவதும் வாழ்கிறார்கள்.

சட்சுமாவின் கல் சுவர்கள்

ஜப்பானின் முதல் மேலைநாட்டு முறைப் பருத்தி நூற்பாலை தெற்குக் கோடியில், சட்சுமா சிற்றரசின் தலைநகரான ககோஷிமாவில் 1867இல் அமைந்தது. அதற்கான நிலத்தைத் தயார் செய்தவர் 1858இல் இறந்துபோன சிற்றரசர் ஷிமாட்சு நரியாகிரா. அவர் தொடங்கிய தொழில் வளாகத்தில் டச்சு நூலொன்றைப் படித்தே இரும்புருக்கும் உலை கட்டினார்கள். முதல் உலை தோற்றது; இரண்டாவது கைகூடியது. ஐரோப்பியப் படத்தைப் பார்த்துக் கட்டிய அந்த உலையின் அடித்தளத்தைக் கோட்டைச் சுவர் கட்டிப் பழகிய கல் தச்சர்கள் அமைத்தார்கள்.

அதே வளாகத்தில் 1865இல் எழுந்த இயந்திரப் பட்டறை இன்றும் நிற்கிறது. கல் சுவர், மேலைநாட்டு முறை மரக் கைச்சட்டக் கூரை, வளைந்த முகப்பு ஜன்னல் என்று தோற்றம் முழுவதும் அயலானது. சுவரின் அடிக்கல்லைப் பார்த்தால் ஜப்பானியக் கோயில்களின் அடித்தளத்தில் வழங்கும் புடைத்த வடிவம் தெரியும். அடுத்துக் கட்டிய நூற்பாலைக்கு இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்துப் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் இயந்திரங்களை அனுப்பியது. ஏழு ஆங்கிலேயத் தொழில்நுட்பர்கள் வந்தார்கள். அவர்கள் தங்கிய மாடி வீட்டைச் சுற்றி, ஆசியக் குடியேற்ற நகரங்களில் ஆங்கிலேயர் விரும்பிக் கட்டிய தாழ்வாரம் ஓடுகிறது. ஆனால் தச்சர்கள் அதை அடி, அங்குலத்தில் அளக்கவில்லை. தங்கள் பழைய 'ஷாகு' அளவில்தான் அளந்தார்கள். அரசியல் கொந்தளிப்பின் நடுவே அந்த ஆங்கிலேயர்கள் ஏறக்குறைய ஓராண்டிலேயே திரும்பிவிட்டார்கள். ஆலை மட்டும் உள்ளூர்க் கைகளில் தொடர்ந்து ஓடியது.

இங்கேயே பிரிவினைக் கொள்கை தடுமாறுகிறது. அடிக்கல்லின் வடிவமும் அளவுகோலும் ஆன்மாவைச் சேர்ந்தவையா, திறனைச் சேர்ந்தவையா? அவை கைப்பழக்கம். எந்தச் சித்தாந்தியும் திட்டமிட்டு அவற்றை அங்கே வைக்கவில்லை.

தொமியோகா: வரைபடமும் கையும்

1859இல் யோகோஹாமா துறைமுகம் திறந்தபின் கச்சா பட்டு ஜப்பானின் முதன்மை ஏற்றுமதியானது. ஐரோப்பாவில் பட்டுப்புழுக்களை நோய் தாக்கியிருந்ததால் தேவை பெருகியது; தேவை பெருகப் பெருகத் தரம் சரிந்தது. அயல்நாட்டு வணிகர்களின் புகார்களுக்கு விடையாக, மாதிரி ஆலை ஒன்றை அரசே நிறுவ 1870இல் முடிவு செய்தது. யோகோஹாமாவில் ஒரு வணிக நிறுவனத்துக்காகப் பட்டின் தரம் பார்த்துவந்த பால் புரூனா என்ற பிரெஞ்சுக்காரர் தலைமைக்கு அமர்த்தப்பட்டார். யோகோசுகா கப்பல் கட்டும் தளத்தில் வரைவாளராக இருந்த எட்மோன் ஒகுஸ்த் பாஸ்தியன் வரைபடம் தயாரித்தார்.

இழை எடுக்கும் கூடம் 140 மீட்டர் நீளமும் 12 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் கொண்டது. உள்ளே நடுத்தூண் ஒன்றுகூட இல்லை. முக்கோணக் கைச்சட்டங்கள் கூரையின் பாரத்தைப் பக்கச் சுவர்த் தூண்களுக்கு இறக்கிவிடுகின்றன. அதனால் 300 தொட்டிகளை வரிசையாக வைக்க முடிந்தது. இரண்டு பட்டுக்கூட்டுக் கிடங்குகள் ஒவ்வொன்றும் 104 மீட்டர் நீளம். பாரத்தைத் தாங்குவது மரச்சட்டம்; இடையிடையே நிரப்பியிருப்பது செங்கல். ஒவ்வொரு வரியிலும் ஒரு கல் நீளவாட்டிலும் அடுத்த கல் அகலவாட்டிலும் மாறி மாறி வருவது ஐரோப்பிய அடுக்கு முறை. சிமென்ட் கிடைக்காத இடத்தில் உள்ளூர்ச் சுண்ணாம்புச் சாந்து. கூரை மேல் ஜப்பானிய ஓடு. கொதிநீர்த் தொட்டிகளிலிருந்து எழும் ஆவி வெளியேற, கூரை முகட்டில் இன்னொரு சிறு கூரை.

செங்கல் வேலையை ஏற்றவர் ஃபுகாயா பகுதியைச் சேர்ந்த நிராட்சுகா நவோஜிரோ. செங்கல் என்ற பொருளை அதற்கு முன் செய்தறியாத ஓட்டுத் தொழிலாளர்களைக் கூட்டி வந்து, பிரெஞ்சுக்காரர்கள் சொன்ன விவரத்தைக் கொண்டு, ஆலைக்கு அருகிலேயே சூளை போட்டுச் சுட்டார். கட்டுமானத்தையும் பின்னர் ஆலையையும் மேற்பார்த்த ஓடாகா அட்சுதாடா கன்பூசிய அறிஞர். தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சியின் உறவினர், இளமையில் அவருக்கு ஆசான். பிரெஞ்சுக்காரர்கள் குடித்த சிவப்பு ஒயினை இரத்தம் என்று நினைத்து மக்கள் தங்கள் பெண்களை வேலைக்கு அனுப்பத் தயங்கியபோது, தன் மகள் யூவையே அவர் முதலில் சேர்த்தார். வாய்மையை உச்சப் பண்பாகக் கொள்ளும் கன்பூசியக் கருத்தொன்றை ஆலையின் குறிக்கோளாகவும் வைத்தார். கிழக்கின் ஒழுக்கம், மேற்கின் திறன் என்ற சூத்திரம் இங்கே கண்முன் நிறைவேறியது போலத் தோன்றும்.

உள்ளே நடந்தது அவ்வளவு எளிதாக இரண்டாகப் பிரியவில்லை. இயந்திரங்களின் உயரம் ஜப்பானியப் பெண்களின் உடலுக்கு ஏற்பக் குறைக்கப்பட்டது. ஈரம் மிகுந்த காற்றில் ஒட்டிக்கொள்ளும் பட்டிழையை இன்னொரு சக்கரத்தில் மறுபடி சுற்றியெடுக்கும் படிநிலை சேர்க்கப்பட்டது. உடலும் காற்றும் 'திறனை' மாற்றின. மறுபுறம், ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும், சுமார் எட்டு மணி நேர வேலை நாளும் இயந்திரத்தோடு சேர்ந்தே வந்தன. இழை எடுக்கும் கண்ணுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். அதனால் பெரிய ஜன்னல்கள். அதனால் வேலை நேரம் சூரியனோடு ஒட்டியது. கட்டடம் நாளையும் பொழுதையும் புதிதாகப் பங்கிட்டது. நேரத்தைப் பங்கிடுவது ஒழுக்கத்தின் வேலை என்றால், மேற்கின் ஒழுக்கத்தில் ஒரு பகுதி ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துவிட்டது.

ஓட்டின் பழைய பயணம்

தொமியோகாவின் கலப்பை விளக்கும்போது சுவர் அயல், கூரை சொந்தம் என்று சொல்வது வழக்கம். ஆனால் அந்த ஓடு எங்கிருந்து வந்தது? ஜப்பானின் பழைய வரலாற்றேட்டின்படி, கொரியத் தீபகற்பத்தின் பேக்ஜே நாடு 588இல் பௌத்தக் கோயில் கட்டும் தச்சர்களையும் ஓடு செய்யும் வல்லுநர்களையும் அனுப்பியது. அவர்கள் துணையோடு எழுந்த அசுகா கோயில்தான் ஜப்பானில் ஓடு வேய்ந்த முதல் பெருங்கட்டடம். அதுவரை புல்லும் மரப்பட்டையுமே கூரை. அந்தக் கோயில் பின்னர் நாரா நகருக்கு மாற்றப்பட்டுக் கங்கோஜி என்ற பெயர் பெற்றது. அக்கால ஓடுகளில் சில இன்றும் கங்கோஜியின் கூரையில் இருக்கின்றன.

ஆக, 1872இல் 'சொந்தத் தொழில்' என்று கருதப்பட்ட ஓட்டுவேலை, சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் வந்திறங்கிய அயல் தொழில். பட்டுப்புழு வளர்ப்பும் ஆசியப் பெருநிலத்திலிருந்து வந்ததே. தொமியோகாவில் சந்தித்தவை ஓர் அயலும் ஒரு சொந்தமும் அல்ல. முன்னே வந்ததும் பின்னே வந்ததும். பிறப்பிடத்தை அளவுகோலாக வைத்தால் அந்தக் கட்டடத்தில் ஜப்பானியம் என்று மிஞ்சுவது மிகச் சிறிது.

இந்த இடத்தில் அதே கங்கோஜி இன்னொரு வகையில் உதவுகிறது. 625இல் கொரியாவின் கோகுர்யோ நாட்டிலிருந்து வந்த துறவி ஏகான் அங்கே தங்கி, சன்ரோன் என்ற பௌத்தப் பள்ளியைத் தொடங்கினார். தென்னிந்தியாவைச் சேர்ந்தவராக மரபு கூறும் நாகார்ச்சுனரின் மத்தியமகச் சிந்தனையே அந்தப் பள்ளியின் அடிப்படை. எந்தப் பொருளுக்கும் தன்னளவில் நிற்கும் இயல்பு கிடையாது. ஒவ்வொன்றும் பிறவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது என்பது அதன் மையம். சார்பினால் தோன்றுதல் என்ற இந்தக் கருத்தின் பௌத்தப் பொது வடிவத்தைத் தமிழ் வாசகர் 'மணிமேகலை' விவரிக்கும் பன்னிரு சார்புகளில் கண்டிருப்பார்.

இந்த நோக்கில் 'ஜப்பானியம்' என்பதும் 'பிரெஞ்சு' என்பதும் செங்கல்லுக்குள் உறையும் பண்புகள் அல்ல. மண், சூளையின் வெப்பம், பாஸ்தியனின் கோடு, ஓட்டுத் தொழிலாளியின் கை, சந்தையின் தேவை ஆகியவை கூடிய இடத்தில் சுவர் எழுந்தது. ஆனால் இதிலிருந்து ஒரு தவறான முடிவுக்கும் போகலாம்: எதற்கும் தன்னியல்பு இல்லையென்றால் சொந்தம், அயல் என்ற பேச்சே வீண் என்பது அது. நாகார்ச்சுனரின் இரு நிலை உண்மைக் கொள்கை அதைத் தடுக்கிறது. இறுதி நிலையில் வேறுபாடுகள் நிற்காவிட்டாலும், உலக வழக்கில் அவற்றுக்குப் பயன் உண்டு. எனவே 'இது எங்கே பிறந்தது' என்று கேட்பதை விட்டு, 'இதனோடு இந்த மக்களுக்கு என்ன உறவு' என்று கேட்பதே பொருத்தம்.

செய்துகாட்டுதல் என்னும் உரிமை

அந்த உறவு எப்போது உரிமை ஆகிறது? விடை தொமியோகாவில் அல்ல, அதைப் பார்த்துச் செய்த ஆலைகளில் கிடைக்கிறது. சகுமா ஷோசானின் ஊரான மட்சுஷிரோவிலிருந்து தொமியோகாவுக்குக் கற்க வந்த சாமுராய்க் குடும்பப் பெண்களில் ஒருவர் எய். பிற்காலத்தில் வாதா எய் என்று அறியப்பட்டு, தம் ஆலை நாட்களை நினைவுக்குறிப்பாக எழுதியவர். இவரும் தோழிகளும் ஊர் திரும்பி, 1874இல் அங்கே தொடங்கிய ரொக்கோஷா ஆலையில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே செங்கல் இல்லை, இரும்பும் பித்தளையும் வாங்கப் பணமில்லை. மரமும் மண்பாண்டமும் கொண்டு உள்ளூர்க் கைவினைஞர்கள் நீராவி முறையை அமைத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் சுவா வட்டாரத்தில் பிரெஞ்சு முறையையும் இத்தாலிய முறையையும் கலந்து, மலிவான மர இயந்திரங்கள் பெருகின. ஜப்பானியப் பட்டுத் தொழில் வளர்ந்தது பெரும்பாலும் இந்த எளிய மரக் கொட்டகைகளில்தான்.

தொமியோகா வாங்கப்பட்டது, ரொக்கோஷா செய்யப்பட்டது. எந்தப் பகுதி இன்றியமையாதது, எதை விடலாம், எதை மாற்றலாம் என்று தீர்மானிக்கும் அறிவு வந்த பின்புதான் ஒரு நுட்பம் கைவசமாகிறது. ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிய மரத்தில் மறுபடி கட்டும் மரபும் இதே தத்துவத்தில் நிற்கிறது. அங்கே தொடர்ச்சி மரத்தில் இல்லை; மறுபடி செய்யத் தெரிந்த கையில் இருக்கிறது. கடன் வாங்கிய பொருளுக்கும் இது பொருந்தும்.

வந்ததும் வராததும்

பருத்தி நூற்பில் கதை வேறு திசையில் சென்றது. ஷிபுசாவா எய்ச்சி முன்னின்று தொடங்கிய ஒசாகா நூற்பு நிறுவனம் 1883இல் 10,500 கதிர்களோடு ஓடத் தொடங்கியது. அதன் பொறியாளர் யமனோபே டகேயோ இங்கிலாந்தில் படித்து, லங்காஷயரின் பிளாக்பர்ன் ஆலையில் வேலை பழகியவர். பல மாடிச் செங்கல் கட்டடம், நீராவி எந்திரம், வரிசையான ஜன்னல்கள் என்று அது லங்காஷயரின் அச்சாகவே எழுந்தது.

ஆனால் அந்த ஆலை இரவும் பகலும் இரண்டு முறை வேலையில் ஓடியது. முதலில் மண்ணெண்ணெய் விளக்கு, 1886 முதல் மின்விளக்கு. லங்காஷயரில் பெண்களை இரவு வேலைக்கு வைப்பதை 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தடுத்திருந்தது. ஒசாகாவுக்குச் செங்கல்லும் கதிரும் வந்தன, சட்டம் வரவில்லை. 1892இல் அந்த ஆலையில் மூண்ட தீயில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். ஜப்பானில் தொழிற்சாலைச் சட்டம் 1911இல் இயற்றப்பட்டு 1916இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெண்களின் இரவு வேலை 1929இல் நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் சட்டத்தை எதிர்த்த முதலாளிகள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: ஜப்பானில் முதலாளி தொழிலாளி உறவு குடும்பப் பாசம் போன்றது, மேலைநாட்டுச் சட்டம் அதைக் கெடுத்துவிடும். இரவு நேர உழைப்பையும் விடுதிச் சுவர்களையும் ஹோசோய் வகிசோ 1925இல் வெளியிட்ட நூற்பாலைப் பெண்கள் பற்றிய நூல் அம்பலப்படுத்தியது.

ஆன்மா வேறு, திறன் வேறு என்ற கொள்கையின் அறச்சிக்கல் இங்கே முழுதாக வெளிப்படுகிறது. திறனுக்கு ஆன்மா இல்லை என்று வைத்துக்கொண்டால், அதோடு பிறந்த கட்டுப்பாடுகளை விட்டுவிட்டு அதை மட்டும் எடுக்கலாம். ஆன்மா தொடப்படாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், புதிய கேட்டுக்குப் பழைய பண்பின் பெயரைச் சூட்டலாம். ஆலை லாபத்துக்கு ஆன்மா காவல் நின்றது.

நிலநடுக்கமும் சோசெகியின் ஐயமும்

1891 அக்டோபர் 28 அன்று நோபி சமவெளியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 7,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இடிந்தவற்றில் ஓவாரி நூற்பாலையின் செங்கல் கட்டடமும் ஒன்று. அயல் செங்கல் இந்த மண்ணுக்கு ஆகாது என்ற பேச்சு எழுந்தது. ஆனால் கனத்த ஓட்டுக் கூரை போட்ட மரபான மர வீடுகளும் பெருந்தொகையில் விழுந்திருந்தன. 1892இல் அமைந்த நிலநடுக்க ஆய்வுக் குழு இரண்டையும் ஆராய்ந்தது. மரச்சட்டத்துக்குக் குறுக்குச் சட்டமும் இரும்புப் பிணைப்பும், செங்கல் சுவருக்கு இரும்பு வலுவும் வேண்டும் என்ற திசையில் கட்டுமானம் நகர்ந்தது. ஆலைகளும் பல மாடியிலிருந்து ஒற்றை மாடிக்கு இறங்கின. வடக்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் இங்கிலாந்தின் ரம்பப்பல் கூரை பரவி, கிரியூ போன்ற நெசவு ஊர்களில் மரத்தில் செய்த சிறு கூரைகளாக மாறியது. 1889இல் இயங்கத் தொடங்கிய குராஷிகி ஆலையின் செங்கல் சுவரில் வெப்பத்தைத் தணிக்கக் கொடி படரவிட்டார்கள். மனிதர் தம்மை உணர்வதே தட்பவெப்பத்தின் வழியாகத்தான் என்று வாட்சுஜி டெட்சுரோ 1935இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஆலைக் கட்டடங்கள் அதற்கு ஓரளவு சான்று. ஆனால் தட்பவெப்பம் ஒரு பொருளை ஏற்கவோ மறுக்கவோ இல்லை. அதைத் திருத்தச் சொன்னது.

எழுத்தாளர் நட்சுமே சோசெகி 1911இல் வகயாமாவில் ஆற்றிய உரை வலுவான ஓர் ஆட்சேபத்தை முன்வைத்தது. மேற்கின் மாற்றம் உள்ளிருந்து மலர்ந்தது, ஜப்பானின் மாற்றம் வெளியிலிருந்து தள்ளப்பட்டது. எனவே அதில் ஒரு வெறுமை இருக்கிறது என்பது அவர் கருத்து. அவசரத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. தொமியோகா கட்டி முடிய ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. சிந்திக்க நேரம் எங்கே? ஆனால் உள், வெளி என்ற கோட்டை அவர் வரைந்த இடம் ஐயத்துக்குரியது. லங்காஷயரின் ஆலை இந்தியத் துணியோடு போட்டியிட்டு, அமெரிக்கப் பஞ்சை நூற்று வளர்ந்தது. முற்றிலும் உள்ளிருந்தே மலர்ந்த தொழில் அங்கும் இல்லை. வேறுபாடு, திருத்திக்கொள்ள எவ்வளவு காலம் கிடைத்தது என்பதில்தான்.

முடிவு

தொமியோகா ஆலை அரசிடமிருந்து 1893இல் தனியாருக்குச் சென்று, 1987வரை இயங்கியது. 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. குராஷிகி ஆலை 1974இல் தங்கும் விடுதியாக மாறியது. இன்று அவை ஜப்பானின் மரபுச் செல்வங்கள் என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை. ஆனால் காலம் கடந்ததால் மட்டும் ஒரு பொருள் சொந்தமாகிவிடும் என்று இதைப் புரிந்துகொண்டால், மறதியும் உரிமையும் ஒன்றாகிவிடும்.

இந்த ஆலைகளின் வரலாறு இரண்டு நிபந்தனைகளைக் காட்டுகிறது. ஒன்று, அறிவு சார்ந்தது: வாங்கியதைப் பழுது பார்க்கவும், திருத்தவும், வேறு பொருளில் மறுபடி செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். மட்சுஷிரோவின் மரத் தொட்டிகளும் நோபிக்குப் பிந்தைய இரும்புப் பிணைப்புகளும் இதை நிறைவேற்றின. மற்றொன்று, அறம் சார்ந்தது: அந்தப் பொருள் மனிதருக்குச் செய்யும் நன்மை தீமை இரண்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும். தீமை நேரும்போது அயல் என்று தள்ளுவதும் லாபம் வரும்போது சொந்தம் என்று கொள்வதும் உரிமை ஆகாது. முதல் நிபந்தனையை ஜப்பானிய ஆலைகள் சில ஆண்டுகளிலேயே எட்டின. இரண்டாவதை எட்ட, ஒசாகா ஆலை தொடங்கியதிலிருந்து எண்ணினால், இரவு வேலை நின்ற நாள்வரை 46 ஆண்டுகள் பிடித்தன.